சலவைக்கு நிற்குமா இந்தப் பருத்தி?

குளிர்காலம் நெருங்கியதும் நாம் வாழும் நகரங்களின் உடுப்புக் கடைகளிலும் படுக்கை விரிப்புக் கடைகளிலும் ஒருவகை விபரச்சீட்டுத் தொங்குவதைக் காணலாம். உடலின் வெப்பநிலையைத் தானே சீர்செய்யும் துணி என்பது அதிலுள்ள வாசகத்தின் சாரம். தலையணை உறை, மெத்தை விரிப்பு, காலுறை, உள்ளாடை எனப் பலவற்றில் இந்தச் சீட்டு ஏறிவிட்டது. விலையும் சாதாரணத் துணியின் விலையன்று. அதிகாலையிற் பத்திரிகைக் கட்டுகளைச் சுமந்து வீடுவீடாகச் செல்பவரும், இறைச்சியும் மீனும் உறையவைக்கும் களஞ்சியங்களில் எட்டு மணிநேரம் நிற்பவரும், உணவகத்தின் அடுப்பங்கரைக்கும் குளிரறைக்கும் இடையே நாள் முழுதும் நடப்பவரும் நம்மிடையே நிறையப் பேர். ஒரு நாட் சம்பளத்தைக் கொடுத்து இதனை வாங்கலாமா என்று அவர்களிற் சிலர் என்னிடமே கேட்டதுண்டு. அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மின்கலம் பொருத்தாத எந்தத் துணியும் தொடர்ந்து வெப்பத்தை உற்பத்தி செய்வதில்லை. வெப்பத்தின் ஊற்று நம் உடலே. சும்மா இருக்கும் மனிதரின் உடல் ஏறத்தாழ 100 உவாற் அளவு வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது. பழைய காலத்து மின்குமிழ் ஒன்று விடும் வெப்பம் அவ்வளவுதான். துணியின் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று அந்த வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைக்கிறது. சாதாரணத் துணி இந்த வேலையைச் சூட்டிலும் குளிரிலும் ஒரே விதமாகவே செய்யும். சூழலின் வெப்பநிலை மாறும்போது தன் நடத்தையையும் மாற்றிக்கொள்ளும் துணியையே ஆராய்ச்சியாளர் தனி வகையாகப் பிரித்துப் பேசுகின்றனர். அதனைச் சூட்டிகைத் துணி என்று தமிழிற் சொல்லலாம். அந்தச் சொல்லுக்குள்ளேயே சூடும் ஒளிந்திருப்பது தற்செயலான பொருத்தம்.

பருத்தியை எடுத்துக்கொண்டால், அது பிறவியிலேயே ஓரளவு சூட்டிகையானது. பருத்தி இழை என்பது விதையின் தோலில் வளரும் ஒற்றைக் கலம். காய் வெடிக்கும்வரை நீர் நிறைந்த மெல்லிய குழாயாக இருந்து, வெடித்துக் காய்ந்ததும் சப்பையாகி, முறுக்கிய நாடாபோல் ஆகிவிடுகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோசு. செல்லுலோசு நீரை விரும்பும் பொருள். 20 பாகை செல்சியஸ், 65 வீத ஈரப்பதன் உள்ள அறையில் 100 கிராம் உலர் பருத்தி 8 கிராமுக்குச் சற்று அதிகமான நீரைக் காற்றிலிருந்தே இழுத்துக்கொள்ளும். அதே அறையில் பொலியெஸ்ரர் இழுப்பது அரைக் கிராமுக்கும் குறைவு. ஈரத்தை ஏற்கும்போது பருத்தி சிறிது வெப்பத்தை வெளிவிடுகிறது. காயும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வியர்வையை வாங்கி வெளிக்காற்றுக்குக் கொடுத்து உடலைக் குளிர்விக்கும் இந்தக் குணத்தினாலேதான் வெப்ப நாடுகளில் அதற்கு ஈடாக வேறொன்று நிற்கவில்லை.

குளிர்நாட்டில் அதே குணம் பகையாகிறது. வேலை செய்து வியர்த்து நனைந்த பருத்தி உள்ளாடையோடு குளிரறைக்குள் நுழைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழைகளுக்கிடையே காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. நீர் வெப்பத்தைக் கடத்தும் வேகமோ காற்றைப் போல் இருபது மடங்குக்கும் அதிகம். மலையேறுவோர் பருத்தி உடையைத் தவிர்ப்பதற்குக் காரணமும் இதுவே. ஆகவே, பருத்தியின் மென்மையையும் நீர் வாங்கும் தன்மையையும் வைத்துக்கொண்டு, வெப்பநிலைக்கேற்ப நடக்கும் இன்னொரு குணத்தை அதன்மேல் ஏற்ற முடியுமா என்பதே அரை நூற்றாண்டாக ஆராய்ச்சியாளரைப் பிடித்திருக்கும் கேள்வி.

கடையில் நாம் காணும் துணிகளிற் பெரும்பாலானவை மறைவெப்பம் என்ற பழைய பௌதிக உண்மையை நம்பியவை. விரிவுரை மண்டபத்தில் இதனைக் கற்பித்த நாட்களில் நாங்கள் எப்போதும் பனிக்கட்டியையே உதாரணமாகக் காட்டினோம். பனிக்கட்டி உருகி முடியும்வரை வெப்பத்தை விழுங்கும், ஆனால் வெப்பநிலை ஏறாது. பரீட்சைக்கு அது போதும், சட்டைக்குப் போதாது. சட்டைக்குத் தேவைப்படுவது தோலின் வெப்பநிலைக்கு அருகில் உருகும் பொருள். தோலின் வெப்பநிலை சாதாரணமாக 33 பாகை அளவில் இருக்கும். பதினெட்டுக் காபன் அணுக்கள் கோத்த ஒக்ரடெக்கேன் என்னும் மெழுகு 28 பாகையளவில் உருகுகிறது. ஒரு கிராம் மெழுகு உருகும்போது ஏறத்தாழ 240 யூல் வெப்பத்தை உள்ளே வைத்துக்கொள்கிறது. குளிர் தாக்கியதும் மீண்டும் உறைந்து, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிறது.

1980களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, விண்வெளி வீரரின் கையுறைகளுக்காக இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. விண்வெளியில் வெயில் படும் பக்கத்துக்கும் நிழற் பக்கத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு பூமியில் எவரும் அனுபவிக்காத ஒன்று. வட கரோலினாவைச் சேர்ந்த சிறு நிறுவனமொன்று மெழுகை நுண்ணிய கூடுகளில் அடைத்து இழையினுள் வைக்கும் முறையைக் கண்டறிந்து, 1988 இல் காப்புரிமை பெற்றது. கூடு ஒன்றின் குறுக்களவு தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. மெழுகு உள்ளே உருகினாலும் வெளியே ஒழுகாது. பின்னர் கொலராடோவின் போல்டர் நகரில் 1990 இல் தொடங்கிய நிறுவனமொன்று அவுட்லாஸ்ற் என்ற பெயரில் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விண்வெளிக்காகச் செய்தது என்ற விளம்பரம் இன்றும் நல்ல விலை பெற்றுத் தருகிறது.

இனி, அந்த விளம்பரத்தை ஒரு கணக்கில் நிறுத்திப் பார்ப்போம். ஒரு சட்டையின் நிறை 200 கிராம். அதில் ஐந்திலொரு பங்கு, அதாவது 40 கிராம், மெழுகு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அந்த மெழுகு முழுவதும் உருகினால் 40 தர 240, ஆக 9,600 யூல். உடல் விடுவது செக்கனுக்கு 100 யூல். சட்டை சேர்த்து வைத்த வெப்பம் முழுவதும், சும்மா இருக்கும் மனிதரின் உடல் 96 செக்கன்களில் விடும் வெப்பத்துக்கே சமம். ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல்! உடலின் வெப்பம் முழுவதும் சட்டையினூடாக மட்டும் போவதில்லையாதலால், நடைமுறையில் அந்த மாற்றம் சில நிமிடங்களுக்கு உணரப்படலாம். மெழுகு முழுவதும் உறைந்து முடிந்தபின் அது வெறும் பாரமே.

இந்தக் கணக்கிலிருந்து இருவகையான விடை கிடைக்கிறது. சூடான பேருந்திலிருந்து இறங்கிக் குளிரில் நடந்து மீண்டும் சூடான கட்டடத்துக்குள் நுழைபவர், அடுப்பங்கரைக்கும் குளிரறைக்கும் மாறிமாறிச் செல்பவர் ஆகியோருக்கு அந்தச் சில நிமிடங்கள் பெறுமதியுள்ளவை. ஒவ்வொரு முறை சூட்டுக்குத் திரும்பும்போதும் மெழுகு மீண்டும் உருகித் தன்னைத் தயாராக்கிக்கொள்கிறது. உறைகளஞ்சியத்தில் எட்டு மணிநேரம் தொடர்ந்து நிற்பவருக்கோ முதல் சில நிமிடங்களுக்குப் பின் அதனாற் பயனில்லை. அவருக்குத் தேவை உலர்ந்த உள்ளாடையும் அதன்மேல் தடித்த கம்பளியும் காற்றுப் புகாத மேலங்கியும். விபரச்சீட்டு இந்த இருவரையும் பிரித்துச் சொல்வதில்லை.

தண்ணீரோடு வந்த வழக்கு

பருத்தியில் இந்த வேலையைச் செய்வது மற்ற இழைகளிற் செய்வதைவிடக் கடினம். அக்கிரிலிக், விசுக்கோசு போன்றவை தொழிற்சாலையில் கூழாகக் காய்ச்சப்பட்டு இழையாக நீட்டப்படுகின்றன. மெழுகுக் கூடுகளைக் கூழிலேயே கலந்துவிடலாம். பருத்தியோ செடியில் விளைந்து முடிந்த இழை. அதன் வயிற்றுக்குள் எதையும் வைக்க வழியில்லை. வெளியே பூசவேண்டும், அல்லது ஒட்டவேண்டும், அல்லது இரசாயனப் பிணைப்பால் கட்டவேண்டும். பூசியதையும் ஒட்டியதையும் சலவை இயந்திரம் சும்மா விடுவதில்லை. வெப்பநிலைக்கு வளைந்துகொடுக்கும் பருத்தியின் வரலாறு, உண்மையில், தண்ணீரோடும் சவர்க்காரத்தோடும் நடந்த வழக்கின் வரலாறு.

அந்த வழக்கின் முற்பகுதி நியூ ஓர்லியன்ஸ் நகரில் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலோனும் பொலியெஸ்ரரும் சந்தையைப் பிடிக்க, தோய்த்தால் கசங்கும் பருத்தி பின்தள்ளப்பட்டது. அமெரிக்க வேளாண் துறை அங்கு நடத்திய ஆராய்ச்சி நிலையத்தில் 1953 இல் சேர்ந்த இரசாயனவியலாளர் ரூத் பெனரிற்றோவும் அவரது சகாக்களும் இதற்கு மருந்து தேடினர். செல்லுலோசுச் சங்கிலிகளைத் தளர்வாகப் பிணைத்திருக்கும் ஐதரசன் பிணைப்புகள் ஈரத்தில் அறுந்து, காயும்போது கண்டபடி பொருந்துவதாலேயே துணி கசங்குகிறது. அச்சங்கிலிகளுக்கிடையே உறுதியான குறுக்குப் பாலங்களைப் போட்டால் துணி தன் வடிவத்தை நினைவில் வைத்திருக்கும். இன்று நாம் ஸ்திரிக்கை போடாமல் அணியும் பருத்திச் சட்டைகள் அந்த ஆராய்ச்சியின் வழிவந்தவை. 55 காப்புரிமைகளைப் பெற்ற பெனரிற்றோ, தானே அவற்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படுவதை விரும்பவில்லை. பலர் கூடிச் செய்த வேலை என்பார். அவர் 2013 இல் தமது 97 ஆவது வயதிற் காலமானார்.

அதே வேளாண் துறையின் இன்னொரு ஆராய்ச்சியாளரான ரைறன் வீகோ அந்தக் குறுக்குப் பாலங்களையே வேறொரு தேவைக்குப் பயன்படுத்தினார். அவர் எடுத்துக்கொண்டது மெழுகன்று, பொலியெத்திலீன் கிளைக்கோல். மருந்துக் களிம்புகளிலும் மலமிளக்கிகளிலும் இடம்பெறும் சாதுவான பொருள். மூலக்கூற்றின் நீளத்தை மாற்றி அதன் உருகுநிலையை நமக்கு வேண்டியபடி தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஒரு பெருங் குறை: தண்ணீரில் கரைந்துவிடும். முதல் சலவையோடு தொட்டித் தண்ணீரிற் போய்விடும் பொருளைப் பருத்தியில் நிலைநிறுத்துவது எப்படி? கசங்காத் துணிக்குப் பயன்படும் அதே பிணைப்பு இரசாயனத்தால் கிளைக்கோல் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து, இழையைச் சுற்றிய வலையாக்கினார் வீகோ. தோய்த்தாலும் அந்த வலை நின்றது. புரூனோ என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1987 இல் வெளிவந்தது.

இதில் ஓர் இக்கட்டு உண்டு. மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கி உறைந்தால்தான் மறைவெப்பம் முழுதாகக் கிடைக்கும். இறுகக் கட்டினால் அவை அடுக்கிக்கொள்ள இடமின்றித் தம் திறனில் ஒரு பகுதியை இழக்கின்றன. தளரக் கட்டினால் தண்ணீர் கொண்டுபோகிறது. இரண்டுக்கும் நடுவே எங்கு நிற்பது என்பதே இத்துறையின் முழு வித்தையும். மெழுகுக் கூடுகளைப் பசையிட்டுப் பருத்தியில் ஒட்டுபவருக்கும் இதே இக்கட்டுத்தான்: பசை கூடினால் துணி விறைத்துக் காற்றோட்டம் குறையும், பசை குறைந்தால் கூடுகள் உதிரும். காற்றோட்டம் போன பருத்தியைப் பருத்தி என்று சொல்வதிற் பொருளில்லை.

சலவையை மறந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஒரு சிறு கதை. 1991 இல் சியாற்றில் நகரத்து ஜெனரா நிறுவனம், உடற்சூடு பட்டதும் நிறம் மாறும் பருத்தி ரீசேட்டுகளை ஹைப்பர்கலர் என்ற பெயரில் விற்றது. நிறமாற்றச் சாயம் யப்பானிலிருந்து வந்தது. கை வைத்த இடத்தில் கையின் வடிவம் வேறு நிறத்திற் பதியும்; இளைஞர்கள் அள்ளிச் சென்றார்கள். சுடுநீரில் தோய்த்தும் உலர்த்தியில் போட்டும் எடுத்தபோது அந்த வித்தை மறைந்து, மாறாத மங்கல் நிறமொன்று மிஞ்சியது. அடுத்த ஆண்டே நிறுவனம் வங்குரோத்தாகியது. சாயம் வெளுத்தது என்று நாம் பேச்சில் சொல்வோமே, அது அங்கு எழுத்துக்கு எழுத்து நடந்தது.

மூடுபனியைக் குடிக்கும் துணி

இதுவரை சொன்னவை உடலுக்கான துணிகள். என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று. 1968 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஹெஸ்கின்ஸ், கில்லெற் என்னும் இருவர் ஒரு பல்பகுதியத்தின் விசித்திர நடத்தையை விபரித்து எழுதினர். அதன் நீண்ட பெயரைச் சுருக்கிப் பினிப்பாம் என்பார்கள். பெரும்பாலான பொருட்கள் சூடாக்கினால் நீரில் நன்றாகக் கரையும். இது தலைகீழ். குளிர்ந்த நீரில் கரைந்து கிடக்கும். 32 பாகையளவைத் தாண்டியதும் நீரை உதறித் தன்னுள் சுருண்டு, கரைசலைப் பாலாக வெண்மையாக்கிவிடும். ஆற வைத்தால் மீண்டும் தெளியும். மனித உடலின் வெப்பநிலைக்கு இவ்வளவு அருகில் இந்த மாற்றம் நடப்பதால் மருத்துவத் துறையினர் இதனை விரைந்து பிடித்துக்கொண்டனர்.

2013 இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும் ஹொங்கொங் பொலிரெக்னிக் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து இந்தப் பல்பகுதியத்தைப் பருத்தியில் ஏற்றினர். பூசவில்லை, ஒட்டவில்லை; இழையின் மேற்பரப்பிலிருந்தே அதன் சங்கிலிகளை வளரச் செய்தனர். வயலில் நாற்று எழுவதுபோல் ஒவ்வொரு இழையிலும் மூலக்கூறுகள் எழுந்து நின்றன. விளைவு வியப்புக்குரியது. சாதாரணப் பருத்தி மூடுபனி நிறைந்த காற்றிலிருந்து தன் நிறையில் 18 வீத நீரையே எடுத்தது. இந்தப் பருத்தி 340 வீதம் எடுத்தது. ஒரு கிலோக் கிராம் துணி மூன்று லீற்றருக்கும் அதிகமான நீரைக் காற்றிலிருந்து குடிக்கிறது என்று பொருள். வெப்பநிலை 34 பாகையைத் தாண்டியதும் சங்கிலிகள் சுருண்டு, இழையின் மேற்பரப்பு நீரை வெறுப்பதாக மாறி, குடித்ததைத் தூய நீராக வெளிவிடுகிறது. பிழியத் தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை. இரவின் குளிரில் குடித்துப் பகலின் வெயிலில் கொடுக்கும். பாலைநிலத்துப் பயிர்களின் அடியில் விரித்துவிடலாம் என்பது அவர்கள் முன்வைத்த யோசனைகளில் ஒன்று.

கவனித்துப் பார்த்தால், இங்கு பருத்தி தன் இயல்பை விடவில்லை. நீரை ஏற்பது அதன் பிறவிக் குணம். அதற்கு எப்போது ஏற்பது, எப்போது விடுவது என்ற ஒழுங்கு மட்டும் கற்பிக்கப்பட்டிருக்கிறது. மெழுகைச் சுமக்கும் சட்டையைவிட இது கண்ணியமான வேலை என்பது என் கருத்து.

எனினும், பத்தாண்டுகளுக்கு மேலாகியும் இது சாதாரண வணிகப் பொருளாகிவிடவில்லை. இழையிலிருந்து சங்கிலி வளர்க்கும் இந்த முறைக்கு ஒட்சிசன் புகாத கலமும் செம்புச் சேர்வை ஊக்கியும் தேவை. ஆய்வுகூடத்தின் கைக்குட்டையளவுத் துண்டுக்கு அது இயலும். நிமிடத்துக்குப் பல மீற்றர் ஓடும் சாயமிடும் ஆலைக்கு அது வேறு கதை. மேலும், மூடுபனியிலிருந்து நீர் பிடிப்பதற்கு மலிவான வழி முன்பே இருக்கிறது. சிலி நாட்டின் வறண்ட கரையோரத்திலுள்ள சுங்குங்கோ என்னும் மீனவக் கிராமத்துக்கு, மலைமேல் கட்டிய சாதாரணப் பிளாஸ்ரிக் வலைகள் 1992 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் குடிநீர் கொடுத்தன. கனடாவின் உதவியோடு நடந்த திட்டம் அது. வலைகள் நன்றாகவே வேலை செய்தன; கிழிந்ததைத் தைக்கவும் குழாயைப் பார்க்கவும் நிலையான ஏற்பாடு இல்லாமற் போனதால் கைவிடப்பட்டன. பாலைநிலத்தில் விரிக்கப்படும் சூட்டிகைப் பருத்திக்கும் புழுதியும் வெயிலும் கிழிசலும் காத்திருக்கின்றன. அங்கும் அதைக் கழுவத்தான் வேண்டும்.

மீண்டும் கடைக்கு வருவோம். வாங்க நினைப்பவர்கள் முன்பக்கத்து அலங்கார வாசகத்தை விட்டு, உட்பக்கத் தையலிலுள்ள சிறிய துணிச் சீட்டைத் திருப்பிப் பார்க்கட்டும். அதில் பருத்தி எத்தனை வீதம், பொலியெஸ்ரர் அல்லது விசுக்கோசு எத்தனை வீதம் என்றிருக்கும். முன்பக்கத்தில் பருத்தி என்று பெரிதாக எழுதி, உள்ளே வேறு இழை பாதிக்கு மேல் இருந்தால், மெழுகு அந்த இழையினுள் இருக்க இடமுண்டு. அது குற்றமன்று, சலவைக்கு அதுவே அதிகம் நிற்கும். முழுதும் பருத்தியென்றால் அது பூச்சாகவே இருக்க வேண்டும். அப்படியானால் தோய்க்கும் முறையை வாசியுங்கள். குறைந்த சூட்டு நீர், உலர்த்தி கூடாது, வெளுப்பான் கூடாது, ஸ்திரிக்கை கூடாது என்று குறிகள் வரிசையாக நின்றால், தொடர்மாடிக் கட்டடத்தின் நிலவறையிலுள்ள பொது இயந்திரத்தில் வாரமொருமுறை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத் தோய்க்கும் குடும்பத்துக்கு அந்தத் துணி ஒத்துவராது.

உடல்நலம் பற்றியும் ஒரு சொல். கசங்காத் துணிக்கும், வீகோவின் வழியில் செய்த துணிக்கும் உரிய பிணைப்பு இரசாயனம் சிறிதளவு போமல்டிகைட்டை வெளிவிடக் கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு போமல்டிகைட்டை மனிதரிற் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென 2004 இல் வகைப்படுத்தியது. அதன் பெரும் பாதிப்பு அந்த ஆலைகளிற் சுவாசிக்கும் தொழிலாளருக்கே. அணிபவருக்கு வரக்கூடியது பெரும்பாலும் தோல் அரிப்பு. புதுத் துணியை, முக்கியமாகக் குழந்தைகளின் படுக்கை விரிப்பை, ஒருமுறை தோய்த்த பின்பே பயன்படுத்துவது நல்லது.

கடைக்காரரிடமோ உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் பிரிவிடமோ கேட்பதற்கு இரண்டு கேள்விகள் உண்டு. துணியிலுள்ள பொருள் எந்த வெப்பநிலையில் உருகுகிறது என்பது ஒன்று. 28 பாகையளவென்றால் உடலுக்கு அருகில் அணியலாம். 18 பாகையென்றால் அது மேலங்கிக்கே பொருந்தும். மற்றது, வீட்டுச் சலவைக்கெனச் சர்வதேச நியமங்களில் ஐஎஸ்ஓ 6330 என்ற இலக்கத்தில் ஒரு பரிசோதனை முறை இருக்கிறது. அதன்படி எத்தனை முறை தோய்த்த பின் இந்தத் துணியின் வெப்பக் கொள்ளளவு அளக்கப்பட்டது, அப்போது எவ்வளவு மிஞ்சியிருந்தது என்பது. பதில் எழுத்தில் வரட்டும். வரும்வரை பணம் சட்டைப்பைக்குள்ளேயே இருக்கலாம்.